தோல் கேஸ்கெட்டும் புது கார்பரேட்டரும்

எங்கள் வீட்டுக்காரர் முழங்கால் உடைந்து வீட்டில் உட்கார்ந்த அந்த ஒரு வருஷத்தில், தெருவில் எந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கிறது என்பது வரைக்கும் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தோல் வெட்டுகிற கட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். சாயங்காலம் கம்பெனி வேனில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், "எதிர் வூட்ல இன்னிக்கு பருப்பு, ஆறு விசில்" என்பார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. அப்புறம் அவர் அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நாமாகக் கேட்டால் பதில் சொல்வார், இல்லையென்றால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். திட்டினாலும் திருப்பித் திட்டமாட்டார். அப்படிப்பட்ட மனுஷனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

அந்த நேரத்தில்தான் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று அவருக்கு வந்தது. சோல், பக்கிள், நூல்கண்டு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்து எழுதி வைக்கிற வேலை. அங்கே மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார், "திங்கக்கிழமை எட்டு மணிக்கு ஆள் இங்க இருக்கணும். இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன்." எங்கள் ஊருக்குக் காலையில் முதல் பஸ் வருவதே எட்டரைக்கு. ஸ்கூட்டர் முழங்கால் வைத்தியத்துக்கே போய்விட்டது. மிச்சம் இருந்தது பழைய சைக்கிள். அதில் அவரால் நாலு மிதி மிதிக்க முடியும், நாலு மைல் மிதிக்க முடியாது.

குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிற என் தம்பி சைக்கிளில் மாட்டுகிற குட்டி இன்ஜின் ஒன்றைக் கொஞ்ச நாள் வைத்திருந்தான். பைக் வாங்கியதும் அதை மூலையில் போட்டுவிட்டான். "எடுத்துனு போக்கா, கார்பரேட்டர் மட்டும் போய்டுச்சி" என்று கொடுத்தான். புது கார்பரேட்டர் ஒன்றை ஆன்லைனில் அவனே வரவழைத்தும் கொடுத்தான். கம்பெனி கார்பரேட்டர் இல்லை, வேறு யாரோ செய்தது. ஆனால் பார்க்கப் பளபளவென்று இருந்தது. நாலு மிதி மிதித்து கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும், அப்புறம் காலுக்கு வேலையே இல்லை. எனக்குச் சாமியே வந்து வரம் கொடுத்த மாதிரி இருந்தது.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்புகிற கார்பரேட்டரின் குழாயை இன்ஜினோடு சேர்க்கிற இடத்தில் வெளிக்காற்று புகாமல் இருக்க நடுவில் ஒரு கேஸ்கெட் வைக்க வேண்டும். டப்பாவில் வந்த பேப்பர் கேஸ்கெட் கிழிந்திருந்தது. "இதுக்குப் போய் கடைக்கு ஓடுவாங்களா?" என்றேன். எங்கள் பக்கத்தில் குழாயில் தண்ணீர் ஒழுகினால் வாஷர் தோல், கதவு காற்றில் அடித்தால் இடையில் வைப்பது தோல், நாற்காலிக் கால் ஆடினால் அடியில் ஒட்டுவதும் தோல்தான். வீட்டில் கிடந்த துண்டுத் தோலில் ஓட்டை, ஓரம் எல்லாம் பிசிறில்லாமல் பிளேடால் வெட்டிக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "மெஷின்ல வெட்டின மாதிரி இருக்கு" என்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை. எனக்கு ஒரே பெருமை.

அந்த வாரம் முழுக்க, நான் வேனுக்குக் கிளம்புவதற்கு முன்னாலும் வந்ததற்கு அப்புறமும், எங்கள் வாசல் மெக்கானிக் ஷெட் ஆகிவிட்டது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து டியூன் பண்ணினோம். காற்று எவ்வளவு போக வேண்டும் என்பதற்கு ஒரு ஸ்க்ரூ. சும்மா நிற்கும்போது இன்ஜின் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்கு இன்னொன்று. உள்ளே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற ஊசி ஒன்று. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் அருமையாகப் பிடிக்கும். கால் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம் என்று திருகினால் பூனை மாதிரி நிதானமாக ஓடும். அவர் ஏறிக் கிளம்புவார். தெருமுனை தாண்டி ரேஷன் கடை வரைக்கும் போவதற்குள் இன்ஜின் வீலென்று கத்தும். ஆக்சிலேட்டரைத் திருகினால் மூச்சடைத்து நின்றுவிடும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அவர் திரும்பி வருவதைப் பார்க்கச் சகிக்காது.

பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெட்ரோல் கம்மி என்று ஊசியை ஏற்றினோம். மறுநாள் காலையில் புகை ஜாஸ்தியாக வந்தது, ஊசியை இறக்கினோம். ஏற்றுவதும் இறக்குவதுமாக வெள்ளி போனது, சனியும் போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்டாண்டில் ஓடிச் சூடேறிய இன்ஜின் கத்திக்கொண்டிருக்க, அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "வுட்டுடுமே. நான் போகல. நமக்கு ராசி இல்ல" என்றார். மறுபடியும் அந்தச் சுவரைப் பார்க்கிற முகம்.

வந்ததே எனக்கு ஆத்திரம்! "ராசி இல்லயா? உனக்கு வாயி இல்ல, இதுக்கு மூளை இல்ல, நடுவுல நான் பேஜாராவுறேன்!" என்று கத்திக்கொண்டே, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் கார்பரேட்டரைப் பிடுங்கி எறிகிற மாதிரி ஒரு கையால் பிடித்து உள்ளே அழுத்தினேன். கத்திக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று அடங்கியது. கையை எடுத்தேன், மறுபடி கத்தியது. அழுத்தினேன், அடங்கியது. நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"காத்து இழுக்குது. அந்த ஜாயின்ட்ல" என்றார் அவர்.

ஆறவிட்டுக் கழற்றினோம். என் கேஸ்கெட் ஓரமெல்லாம் சுருண்டு, கருகின அப்பளம் போலத் தட்டினால் சத்தம் வருகிற மாதிரி ஆகியிருந்தது. சூடு பட்டால் தோல் சுருங்கும். இது ஆம்பூரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். இன்ஜின் சூடாக ஆக அது சுருங்கி வழிவிட்டிருக்கிறது, அந்தச் சந்தில் காற்று புகுந்திருக்கிறது. ஆறிய இன்ஜினில் நாங்கள் ராஜா மாதிரி டியூன் பண்ணி என்ன பிரயோஜனம்? தினம் தினம் தோலோடு மாரடிக்கிற எனக்கு இது தோன்றவில்லையே!

"உங்களுக்கு ஒரு தபாகூட சந்தேகம் வர்லயா?" என்று கேட்டேன்.

"வந்துச்சி. ஆனா நீ வெட்டினதாச்சே, தப்பா இருக்காதுன்னு ஊசியவே நோண்டினு இருந்தேன்" என்றார்.

திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. வாசல் என்பதால் திட்டினேன். அவர் எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு, அடுத்த தெரு மெக்கானிக் வீட்டுக்கு அவராகவே நடந்து போய்க் கொஞ்சம் கேஸ்கெட் பேப்பர் வாங்கி வந்தார். வெட்டியது நான்தான். அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த முறை இன்ஜினை நன்றாகச் சூடேற்றிவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைத்தோம். ரேஷன் கடை வரைக்கும் போய் வந்தார், நிற்கவில்லை. அதற்குமேல் பார்க்க பெட்ரோல் இல்லை, பொழுதும் சாய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை என் வேன் ஆறே முக்காலுக்கே வந்துவிடும். அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நான் கிளம்பிவிட்டேன். கட்டிங்கில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் திரும்ப வாங்கிப் பார்த்தால் சார்ஜ் செத்துக் கிடந்தது. போனாரா, வழியில் நின்றுவிட்டதா, பாலத்தின்மேல் தள்ளிக்கொண்டு நின்றாரா, திரும்பி வந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று வேனில் முழுக்க இதே நினைப்பு. பக்கத்தில் உட்கார்ந்தவள் ஏதோ சினிமாக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள், ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

வேனிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது.

என்னிடம் சாவி இல்லை. அந்த ஒரு வருஷமாக நான் சாவி எடுத்துப் போனதே கிடையாது. உள்ளே எப்போதும் ஆள் இருந்தது, எதற்குச் சாவி? பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பூட்டைக் கையில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் பூட்டியிருந்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை.

எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, வெளிய உக்காந்துனு இருக்கீங்க? உள்ள போகலயா?" என்று கேட்டாள்.

"எப்டிடி போறது? சாவி எங்க வூட்டுக்காரர்கிட்ட இருக்குது" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "அவரு வேலைக்குப் போயிருக்காரு."