மொட்டை மாடியில் இளகிய மண்

மூடிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்த ஒரு தகரப் பெட்டி. உள்ளே உருளை உருளையாகப் பழுப்பு மண். அக்னி நட்சத்திரம் தொடங்கிய அன்று காலை என் மைத்துனன், என் மனைவியின் தம்பி, அதைத் தோளில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டில் எங்கள் மொட்டை மாடிக்கு ஏறினான். கார் கம்பெனிகளில் புது வண்டியின் உருவத்தை முதலில் இந்த மண்ணில்தான் செய்து பார்ப்பார்கள். தண்ணீர் விட்டுப் பிசைகிற மண் அல்ல. சூடு பட்டால் இளகும், ஆறினால் சோப்புக் கட்டிபோல் இறுகும். இளக்குவதற்குத் தனி அடுப்பு உண்டாம். இவனிடம் இருந்தது வெயில்தான். "கரண்டு பில்லு இல்லாத அடுப்பு மாமா," என்றான். மறைமலை நகர்ப் பக்கம் ஒரு காயலான் கடையில், கம்பெனி கழித்த மண்ணை எடை போட்டு வாங்கி வந்திருந்தான்.

அதில் கந்தக வாடை. பக்கத்தில் காய்ந்த வடகத்திலும் அது ஏறிவிட்டது. "ஏண்டா, வடகம் காயற எடத்துல இன்னாத்தடா கொண்டாந்து வெச்சிகினுகீற?" என்று என் மனைவி கத்தினாள். "பொரிச்சா போயிடும்க்கா," என்றான். போகவில்லை. அந்த வருஷம் முழுவதும் தீப்பெட்டி வாசனையோடு சாப்பிட்டோம்.

சதுரங்கப்பட்டினத்தில் பைபர் படகுக்கு அச்சு செய்கிறவனாகப் பல வருஷம் இருந்தவன் அவன். நல்ல சம்பளம்தான். "ஒரு அச்சு செஞ்சா நூறு படகு மாமா, நூறுக்கும் ஒரே மூஞ்சி. எனுக்குப் புச்சா ஒண்ணு செய்யணும்," என்று வேலையை விட்டுவிட்டான். இரண்டு பிள்ளைகள். கார் கம்பெனியில் இந்த மண் வேலை கிடைக்க அவன் மனைவி தீபாவளி வரை தவணை கொடுத்திருந்தாள். அதற்குப் பிறகு படகுப் பட்டறைக்கே திரும்பிவிட வேண்டும். அவன் படித்தது பத்தாம் வகுப்பு. கார் கம்பெனியின் வேலை விளம்பரத்தில் டிசைன் கல்லூரிச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று, அவன் நன்றாகத் தூங்கினான்.

பின்னால் வரும் வண்டியைப் பார்க்கக் காரின் வலது பக்கம் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் கண்ணாடியின் கூடு ஒன்றை எதிரே வைத்து, அதற்கு இடது ஜோடியை மண்ணில் செய்தான், அழித்தான், மறுபடி செய்தான். புள்ளியியல் அலுவலகத்தில் காலம் தள்ளியவன் நான். ஸ்கேலோடு போய், இந்த ஓரம் ஒரு மில்லிமீட்டர் கூடுதல் என்பேன். "நீ ரிட்டையர் ஆயிட்ட மாமா, உன் ஸ்கேலு இன்னும் ஆவலயா?" என்பான். பிறகு அந்த மில்லிமீட்டரைச் சுரண்டுவான்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. அவன் இரண்டு கூட்டுக்கும் ஒரே வெள்ளிப் பெயிண்ட் அடித்து, சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு, கார் உருவம் வடிவமைக்கிற ஒரு ஸ்டுடியோவின் கேட்டுக்குப் போனான். "இதுல எது மண்ணுன்னு உள்ள கேட்டுச் சொல்லுங்கண்ணே," என்று காவலாளியிடம் கொடுத்தனுப்பினான். அரை மணி கழித்து ஸ்டுடியோ தலைவியே வெளியே வந்தாராம்.

அடுத்த வாரம் தேர்வு. காரின் பக்கவாட்டில் ஒரு துண்டை, வரைபடம் பார்த்து மண்ணில் செய்ய வேண்டும். ஜன்னலுக்குக் கீழே ஓடும் மடிப்பின் அடியில் ஒரு பள்ளம் உள்வாங்கிப் போயிருந்தது. அதை அவன் மண் வைத்து அடைத்துவிட்டான். ஏன் என்று தலைவி கேட்டார்.

"உள்ள வளைஞ்சா அச்சுலேந்து கயலாதும்மா."

"இது அச்சு இல்லைங்க. கண்ணால பாக்கறதுக்கு."

வேலை கிடைக்கவில்லை. பள்ளம் இருந்தால் படகு அச்சிலிருந்து கழன்று வராது; அதில் பழகிய கை அவனைக் கேட்காமலே அடைத்திருக்கிறது. ஆனால் அங்கே மண் மாடலிலிருந்து பைபர் அச்சு எடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆறு மாத ஒப்பந்தம் கொடுத்தார்கள். "பைபர வுட்டுட்டுப் போயி பைபருக்கே போறியே," என்று அவன் மனைவி சிரித்தாள். சம்பளம் வந்ததால் தீபாவளித் தவணையைப் பொங்கலுக்குத் தள்ளினாள். அவன் சாப்பாட்டு நேரத்தில் கழிவு மண்ணை எடுத்துப் பள்ளம் பள்ளமாகத் தோண்டிக்கொண்டிருந்தான். ஒப்பந்தம் முடியும்போது தலைவி அதே வரைபடத்தைக் கொடுத்தார். இம்முறை விரல் முட்டி புதைகிற ஆழத்துக்குத் தோண்டிவிட்டான். "இவ்ளோ வேண்டாம்," என்று சிரித்தாராம். மறுநாளே மண் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதே எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. வண்டி சந்தைக்கு வரும்வரை வெளியே பேசக் கூடாது என்பது அங்கே விதி. அக்காவிடமும் மூச்சு விடவில்லை. என் மனைவி இரண்டு தீபாவளிக்கு அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சும்மா இருப்பேனா? சாலையில் புது வண்டி எது போனாலும், இதுவா என்று அவன் முகத்தைப் பார்ப்பேன். இல்லை என்றுகூடச் சொல்ல மாட்டான்.

போன மாதம் அவனுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். சிங்கப்பெருமாள் கோவில் சிக்னலில் ஒரு சிவப்புக் கார் எங்களை ஒட்டி வந்து நின்றது. நம்பர்கூட எழுதாத புது வண்டி. வண்டியைப் பிடிச்சுக்கோ மாமா என்றுகூடச் சொல்லாமல் அவன் இறங்கிவிட்டான். நான் தடுமாறிக் காலை ஊன்றிக்கொண்டேன். அவன் அந்தக் காரின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, முன் கதவிலிருந்து பின் விளக்கு வரை மெதுவாகத் தடவிக்கொண்டு போனான். கண் மூடியிருந்தது. கார்க்காரப் பையன் பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கினான்.

"இன்னாண்ணா, ஒடுக்கு வுயுந்துட்ச்சா?"

"இல்லப்பா," என்றான் என் மைத்துனன். "நல்லா கீது."