என் உடம்பு கேட்ட அவகாசம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு முப்பது தாண்டியிருந்தது. கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் பம்ப்செட் செய்யும் கம்பெனி ஒன்றில் இரும்பு கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பழக்கமானவர் அன்னூர்க்காரர். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். உதிரி பாகம் வாங்க எங்கள் கம்பெனிக்கு வந்துபோன பழக்கம், ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் ஒன்றாகச் சாப்பிடுவது என்று வளர்ந்து, என் வாடகை அறையில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருப்பது வரை வந்திருந்தது. என்னைவிட ஒரு வயது மூத்தவர். நான் அவரை ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிடுவேன். அவரும் என்னை அப்படியே. நெருக்கம் வந்த பிறகும் அந்த ‘ங்க’வை நாங்கள் விடவில்லை.

மேட்டுப்பாளையத்தில் ஒரு லாட்ஜில்தான் முதல் முயற்சி. இரண்டு பேருக்கும் ஆசை இருந்தது. எப்படி என்று சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. காதில் விழுந்த கேலிப் பேச்சுகளைத் தவிர எங்களிடம் ஒரு விவரமும் கிடையாது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய், நிறைய அவசரம். வலித்தது. உயிர் போகிற வலி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். ஏற்றுக்கொள்கிற ஆள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன். பிறகு விரிப்பில் ரத்தத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பஸ் ஸ்டாண்டில் அவர் அன்னூர் பஸ்ஸிலும் நான் கோயமுத்தூர் பஸ்ஸிலும் ஏறினோம். நான் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன்.

அடுத்து வந்த காலைகளை மறக்க முடியாது. கக்கூஸுக்குப் போவதை முடிந்தவரை தள்ளிப்போடுவேன். லேத் நின்றபடி செய்கிற வேலை என்பதால் பிழைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சின் ஓரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவேன். கூட வேலை செய்தவர்கள், சூடு பிடித்திருக்கிறது, எளநீர் குடி, வெந்தயம் முழுங்கு என்றார்கள். எங்கள் ஊரில் உடம்புக்கு எது வந்தாலும் முதலில் சூடுதான். எளநீரும் குடித்தேன், வெந்தயமும் முழுங்கினேன். கேட்கவில்லை. கடைசியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அறுவைச் சிகிச்சை டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். மலச்சிக்கல் என்று சொன்னேன். பார்த்துவிட்டு, மூலம் இல்லை, தோலில் ஒரு கிழிசல், ஆறிவிடும் என்றார். வெதுவெதுப்பான தண்ணீரை அகலமான பேசினில் ஊற்றிக் காலையும் மாலையும் அதில் உட்காரச் சொன்னார். தடவ ஒரு களிம்பு, மலம் இளக, ராத்திரி தண்ணீரில் கலந்து குடிக்க இசப்கோல் உமித்தூள். காரத்தைக் குறை, தண்ணீரைக் கூட்டு என்றார். சொன்னபடி செய்தேன். ஆற ஆரம்பித்தது.

மறுபடி காட்டப் போனபோது, மலச்சிக்கல் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது இருந்தது. இவரை விட்டால் கேட்க வேறு ஆளும் இல்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

“இது மலச்சிக்கல்ல வந்ததில்லீங்க டாக்டர். நானும் இன்னொருத்தரும்… அவரும் ஆம்பளதானுங்க. அதுல வந்தது.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே போகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“அவரு உங்களக் கட்டாயப்படுத்தினாருங்களா?”

“இல்லீங்க. நானுந்தான் ஆசப்பட்டேன்.”

அந்த வாக்கியத்தை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அறையில் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வலியால் பல நாள் சாய்ந்தே உட்கார்ந்தவன், நேராக உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

இதைப் பற்றி டாக்டர்களுக்குப் பாடத்தில் சொல்லித்தரவில்லை என்றும், தெரியாத விஷயத்தை அரைகுறையாகச் சொல்லி அனுப்ப மாட்டேன் என்றும், படித்துவைக்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்றும் சொன்னார். படிக்கிறேன் என்று டாக்டர் ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

படித்துத்தான் வைத்திருந்தார். மேஜைக் கண்ணாடிமேல் விரலால் இரண்டு வளையம் வரைந்து காட்டினார். வெளி வளையம் நாம் சொன்னால் கேட்கும். உள் வளையம் நம் சொல்லைக் கேட்காது. அவசரம், பயம், இரண்டில் எது இருந்தாலும் அது இறுகிக்கொள்ளும். மூச்சை நிதானமாக விட்டு, நேரம் கொடுத்தால்தான் தளரும். பலம் காட்டினால் கிழியும். அந்த இடத்தில் தானாக வழுவழுப்பு ஊறாது, அதனால் ஜெல்லி வேண்டும். எண்ணெய் கூடாது, எண்ணெய் பட்டால் ஆணுறை கிழிந்துவிடும். ஆணுறை இல்லாமல் கூடவே கூடாது, இரண்டு பேரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றார். நான் தயங்கித் தயங்கிச் சுத்தத்தைப் பற்றிக் கேட்டேன். ஒழுங்காகச் சாப்பிட்டு வயிறு ஒழுங்காகப் போனால், வெளியே கழுவிக் குளிப்பதே பெரும்பாலும் போதும், உள்ளே சோப்பு விட்டுப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள் என்றார். மரத்துப்போகிற களிம்பைத் தடவிக்கொண்டால் சுலபமாக இருக்குமே என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார்.

“வலி ஒரு சேதிங்க. அத அமுக்கிப்போட்டா எப்ப நிறுத்தறதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மேட்டுப்பாளையத்தில் நான் அதைத்தான் செய்திருந்தேன், களிம்பு இல்லாமலே.

அந்த ஞாயிற்றுக்கிழமை அன்னூரிலிருந்து அவர் என் அறைக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் வாயைத் திறந்து சொன்னதைக் கேட்டே அவருக்கு வியர்த்துவிட்டது. ஜெல்லி, மூச்சு, வளையம் என்று நான் சொல்லிக்கொண்டே போக, அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். கடைசியில், அந்தப் பேச்சே வேண்டாம், இப்படியே இருந்துகொள்ளலாம், உங்களை இன்னொரு தடவை அந்த நிலைமையில் பார்க்க என்னால் முடியாது என்றார். தனக்காக நான் மறுபடி வலியைத் தாங்கத் தயாராகிறேன் என்று நினைத்துவிட்டார்.

“உங்களுக்காக இல்லீங்க,” என்றேன். “எனக்கு வேணும். எனக்கு வேணும்ங்கறதாலதான் இத்தன படிக்கிறேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த வேலையில் ஆசைப்படுகிறவர் ஒருவர், ஒத்துக்கொள்கிறவர் ஒருவர் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். உங்களுக்குச் சரி என்று படும்போது சொல்லுங்கள், அது வரைக்கும் நான் கேட்க மாட்டேன் என்றார். அப்படியே இருந்தார்.

உடம்பைத் தயார்படுத்துவது சுலபமாக இருந்தது. சாயந்திரம் பரோட்டாவை நிறுத்தினேன். கம்பங்கூழும் கீரையும் கொய்யாவும் சேர்த்துக்கொண்டேன். வேலை நேரத்தில் பக்கத்திலேயே தண்ணீர் வைத்துக்கொண்டேன். உடம்பு தேறியிருக்கிறது, பொண்ணு பார்க்கிறார்களா என்று கம்பெனியில் கேட்டார்கள். சிரித்துக்கொண்டேன். புண் முழுசாக ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, குளித்துவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நகம் வெட்டிய என் விரலாலேயே என் உடம்பை அறிந்துகொள்ளத் தொடங்கினேன். முப்பது வருஷமாகக் கழுவுவதற்கு மட்டும் தொட்ட இடம் அது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. உடம்பு மூடிக்கொண்டது. விட்டுவிட்டேன். இன்னொரு நாள் மூச்சை நீளமாக விட்டபடி காத்திருந்தேன். டாக்டர் சொன்ன அந்த உள் வளையம் தளர்வதை உணர்ந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோட்டாரின் இரும்புத் தண்டில் பேரிங் ஏற்றும்போது சுத்தியலால் அடிக்கிறவனை எங்கள் ஃபோர்மேன் திட்டுவார். சூடுபடுத்தி, எண்ணெய் விட்டு, பொறுமையாக உட்கார வை என்பார். இரும்புக்குக் காட்டிய பொறுமையை என் உடம்புக்கு நான் காட்டியதே இல்லை.

மனசைத் தயார்படுத்துவதுதான் பெரிய வேலையாக இருந்தது. கம்பெனியில் கடைகிற ஒரு ஜாப் அளவு தப்பிக் கெட்டுப்போனால், ஒருவன் இன்னொருவனிடம் தோற்றுப்போனால், வாயில் வருகிற வசவெல்லாம் ஏற்றுக்கொள்கிற ஆண்பிள்ளையைப் பற்றியதுதான். அந்த வசவுகளை நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். கண்ணை மூடி மூச்சை விடும்போது அவையெல்லாம் காதில் விழும். உடனே உடம்பு இறுகும். அவற்றை விரட்டப் பார்த்தேன், போகவில்லை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நிஜமாகவே யோசித்தேன். இதில் நான் எதை இழக்கிறேன்? லேத்தில் நான் பிடிக்கிற அளவு மாறிவிட்டதா? மாசாமாசம் அம்மாவுக்குப் பணம் அனுப்புவது நின்றுவிட்டதா? எனக்குப் பிடித்த ஒரு ஆளை, என் சம்மதத்தோடு, எனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அருகில் சேர்த்துக்கொள்ளப் போகிறேன். கதவு என்னுடையது. திறக்கிறதும் சாத்துகிறதும் நான். இப்படி யோசித்து முடிக்க எனக்குப் பல வாரம் ஆயிற்று. ஆனால் ஒருமுறை முடிந்த பிறகு அந்த வசவுகள் வேறு யாரையோ திட்டுவதுபோல் தூரத்தில் கேட்டன.

இரண்டு பேரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். நல்ல பதில் வந்தது. இருந்தாலும் ஆணுறை உண்டு என்று பேசி வைத்துக்கொண்டோம். கிராஸ்கட் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்குப் போய், கூட்டம் இருக்கும்போதே, ஆணுறையும் தண்ணீரில் கரைகிற ஜெல்லியும் கேட்டேன். டாக்டர்கள் பரிசோதனைக்கு வைத்திருக்கிற ஜெல்லி அது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இரண்டையும் செய்தித்தாளில் சுற்றப் போனார். பேப்பர் வேண்டாமுங்க, அப்படியே கொடுங்க என்றேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டில் நடந்தேன். பெரிய வீரச் செயல் இல்லைதான். ஆனாலும் அன்றைக்கு என் நடையே வேறு மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் அவரிடம் சரி என்றேன். மத்தியான நேரம். வெளியே ஐப்பசி மழை. காலையில் இட்லியோடு நிறுத்தியிருந்தேன். இரண்டு பேரும் குளித்தோம். வெகுநேரம் பேசிக்கொண்டே படுத்திருந்தோம். அவர் கடையில் அந்த வாரம் எரிந்து வந்த மோட்டார்களைப் பற்றிச் சொன்னார். நான் போதும் என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், காரணம் கேட்கக்கூடாது என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஒரே நிபந்தனை. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எனக்குள் ஏதோ இறுகியது. போதும் என்றேன். நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் ஏமாற்றத்தைத் தேடினேன், இல்லை. எழுந்துபோய் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டார். மழையைப் பார்த்துக்கொண்டு குடித்தோம். போதும் என்று சொல்ல முடிந்ததும், சொன்னது நடந்ததும் எனக்கு அதற்கு முன் தெரியாத ஒரு தைரியத்தைக் கொடுத்தன.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை போதும் என்று சொல்லத் தேவைப்படவில்லை. வேகம் என்னுடையதாக இருந்தது. மூச்சை நான் விட, அதற்கு அவர் காத்திருந்தார். வலி இல்லை. முதலில் ஒரு நிறைவு, பிறகு என் உடம்பில் இப்படி ஒரு சந்தோஷம் இத்தனை நாள் இருந்ததா என்கிற ஆச்சரியம். நடுவில் அவர் பதறிப்போய்க் கேட்டார்.

“ஏனுங்க, வலிக்குதுங்களா?”

“இல்லீங்க. நல்லா இருக்கேன்.”

நான் அழுதுகொண்டிருந்ததால் அவர் கேட்டிருக்கிறார். எனக்கு அது தெரியவே இல்லை.

அதன் பிறகு வந்த வருஷங்கள் சாதாரணமானவை. சரவணம்பட்டியில், அப்போது சுற்றிலும் சோளக்காடாக இருந்த இடத்தில், ஒரு வீடு பிடித்தோம். அவர் கடையையும் அங்கேயே மாற்றிக்கொண்டார். சிநேகிதர்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னோம். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தப் பத்தாண்டு முடிகிற சமயம் டாக்டர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். எய்ட்ஸ் பற்றிக் கிராமங்களில் பேசப் போகிற நர்ஸம்மாக்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வகுப்பு எடுக்கிறாராம். மற்றதை நான் சொல்லிவிடுவேன், ஆனால் இந்த ஒரு விஷயத்தை அனுபவித்தவர் சொன்னால்தான் அவர்கள் கேலி இல்லாமல் கேட்பார்கள், வர முடியுமா, முடியாவிட்டாலும் பரவாயில்லை என்றார். வீட்டில் பேசினோம். போங்க, நானும் வாரேன் என்றார் அவர்.

போனேன். நின்றுகொண்டே பேசினேன். சாப்பாடு, ஜெல்லி, ஆணுறை, மூச்சு, நிறுத்தச் சொல்லும் உரிமை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் சில பேர் குனிந்துகொண்டார்கள். பிறகு எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு நர்ஸம்மா, நடு வயதுக்காரர், கையைத் தூக்கினார்.

“தப்பா நெனைக்காதீங்க கண்ணு. இதையெல்லாம் எங்க முன்னால சொல்றதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா?”

“இருந்துச்சுங்கம்மா,” என்றேன். “இப்ப பெருமையா இருக்குது.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு, தன் ஊரில் ஒரு பையன் ரத்தப்போக்கு என்று வந்தான், என்ன கேட்டும் சொல்லவில்லை, அவனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். மற்றவர்களும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு அருகில் வந்தார்கள்.