அருவிப் படத்தில் எக்ஸ்ரே அக்கா

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த பெரிய டாக்டருக்கும் அவள் அக்காதான். பத்தொன்பது வருஷமாக ஒரே வேலை. வந்தவரைப் படுக்க வைப்பாள், தோளைத் திருப்புவாள், "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்பாள். பிறகு ஓடிப்போய்த் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துவாள். படம் எடுக்கிறவள் கதிர் பாயும் இடத்தில் நிற்கக் கூடாது. அந்த வேலையின் முதல் சட்டமே அதுதான்.

வீட்டில் அவளுக்கு இன்னொரு கிறுக்கு உண்டு. ஃபிலிம் பெட்டியில் வரும் கெட்டி அட்டையைத் தூக்கிப்போட மனம் வராமல் கொண்டுவந்து, அதில் வண்ணம் தீட்டுவாள். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. குடும்பத்தோடு எங்கே போய்வந்தாலும் அந்த வாரமே ஒரு படம். மலைப் பாதையில் பஸ் பஞ்சராகி நின்றது, கப்பலில் வீட்டுக்காரர் வாந்தி எடுத்தது எல்லாம் உண்டு. விருந்தாளி வந்தால் அந்தக் கப்பல் படத்தை அவர் நைசாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். பாவம், மனுஷனுக்கும் மானம் இருக்காதா?

ஒருநாள் பெரிய டாக்டர், அவள் தீட்டிய அருவிப் படத்தை அவள் செல்போனில் பார்த்துவிட்டார். பதினாறு வருஷத்துக்கு முன் போன பயணம் அது.

"நோயாளிங்க காத்திருக்கிற எடத்துல மாட்டலாம்க்கா. திங்கட்கிழமை கொண்டு வாங்க. கீழ 'எங்கள் குடும்பம்'னு எழுதிடுங்க."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு காலையில் படத்தைத் தூசி தட்டிச் சுவரில் சாய்த்து வைத்தாள். மகள் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"எல்லாம் சரி. இதுல நீ எங்கேம்மா?"

அக்கா குனிந்து பார்த்தாள். வீட்டுக்காரர், மகள், மகன், பாறை, தண்ணீர். அவ்வளவுதான். பரபரவென்று மற்ற படங்களையும் எடுத்துத் தரையில் பரப்பினாள். மொத்தம் பதினான்கு. ஒன்றிலாவது அவள் இருக்க வேண்டுமே, ஊஹூம்! தடுப்புக்குப் பின்னால் நின்று நின்று, வீட்டிலும் அதே பழக்கமாகிவிட்டதோ என்னவோ.

"நான் இல்லாம என்ன 'எங்கள் குடும்பம்'? நாளைக்குள்ள நான் இதுல வந்தாகணும். இல்லன்னா படம் இந்த வீட்டை விட்டு நகராது" என்றாள்.

ஆனால் எங்கே வரைவது? அன்றைக்கு மகள் போட்டிருந்த ரிப்பன் நிறம்கூட அவளுக்கு நினைவிருந்தது. தான் எங்கே நின்றோம், என்ன செய்தோம் என்பது மட்டும் சுத்தமாக வரவில்லை. அட, இது என்ன கூத்து என்று அவளுக்கே ஆர்வம் தாங்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு விசாரணையில் இறங்கினாள்.

"ஏங்க, அருவில நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

வீட்டுக்காரர் திருதிருவென விழித்தார். "பையப் பிடிச்சிட்டு நின்ன."

"எந்தப் பை?"

"ஏதோ ஒரு பை. உன் கையிலதான் எப்பவும் ஒண்ணு இருக்குமே."

அவரையே பையோடு நிற்க வைத்து, "அசையாதீங்க" என்று அதட்டி, அதே மாதிரி தன்னைத் தாளில் வரைந்து, வெட்டி, படத்திலிருந்த பாறைமேல் வைத்துப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி இருந்தது. தாளைக் கசக்கிப் போட்டாள்.

மகளோ, "என்னைத் திட்டிட்டிருந்த. செருப்பத் தொலைச்சதுக்கு" என்றாள்.

"அது மலைக்குப் போனப்பதான்டி."

"அப்ப அங்கயும் எதுக்காவது திட்டியிருப்ப."

எலும்பு முறிவை ஒரு பக்கம் மட்டும் படமெடுத்து முடிவு சொல்லக் கூடாது, இன்னொரு கோணமும் வேண்டும் என்பது அவள் தொழில். மகன்தான் பாக்கி. அப்போது அவனுக்கு ஆறு வயது. இப்போது ஞாயிறென்றால் பத்து மணிவரை போர்வைக்குள் இருக்கிற ஆள். போர்வையை உருவினாள்.

"அருவியா? அப்பா வழுக்கி விழுந்தது ஞாபகம் இருக்கு. உன்னைப் பார்த்த ஞாபகமே இல்லையேம்மா. நீ வந்தியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை டமடமவென்று போட்டுத் தேய்த்தாள். பெற்றவளைப் பார்த்த ஞாபகமே இல்லையாம்! படமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், டாக்டரிடம் முடியாதென்று சொல்லிவிடலாம். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

மகன் படத்தின் முன் வெகுநேரம் நின்றான். அதில் அருவிக்குக் கீழே ஒரு பொடியன் தனியாக நின்றுகொண்டிருந்தான். பிறகு மகன் சமையலறை வாசலுக்கு வந்தான்.

"அம்மா, படம் தப்பு. நான் தனியா நிக்கல."

"பின்ன?"

"தண்ணி தலையில விழுந்ததும் பயந்து கத்தினேன். பின்னாடியிருந்து ரெண்டு கை வந்து வயித்தச் சுத்திப் பிடிச்சிச்சு. வெளிய வர்ற வரைக்கும் விடவே இல்ல. முகம் எப்படித் தெரியும்? நீ பின்னாடிதானே இருந்த?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அதையெல்லாம் ஒரு காரியமென்று அவள் நினைவில் வைத்திருக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தின் முன் உட்கார்ந்தாள். பொடியனின் வயிற்றைச் சுற்றி இரண்டு கைகளைத் தீட்டினாள். முகத்தை வரையவில்லை, அங்கே அருவி விழுந்துகொண்டிருந்தது.

மகன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"இன்னும் இறுக்கமா இருந்துச்சும்மா."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஈரத் துணியால் அழித்துவிட்டு, விரல்களை மறுபடி வரைந்தாள்.