கியாக்தான் பங்களாவில் பங்கா இழுத்தது யார்?

மார்ச்சில் போய் வந்த பயணம் இது. கோபம் ஆறட்டும், நிதானமாக எழுதலாம் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். ஆறவில்லை. அதனால் இருக்கிறபடியே எழுதிவிடுகிறேன்.

இங்கே பர்மாவில் மார்ச்சிலேயே பள்ளி விடுமுறை. என் மகள் மீனுவுக்கு ஐந்து வயது. போட்டாதாங்கில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. கரண்ட் இருந்தால் டிவி, போனால் அழுகை. கியாக்தானில் வெள்ளைக்கார அரிசி ஆலை முதலாளி கட்டிய பழைய பங்களாவைப் பழுதுபார்த்துத் திறந்திருக்கிறார்கள் என்று நாத்தனார் விமலா போனில் படம் காட்டினாள். நான் கல்லூரியில் வரலாறு படித்தவள். பழைய கட்டடம் என்றால் எனக்குப் பலவீனம் உண்டு.

சனிக்கிழமை காலை 7.40க்குக் கிளம்பினோம். டாக்சி போய், காத்திருந்து, திரும்பி வர ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சாட். பஸ்ஸில் போனால் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, ஆனால் குழந்தையோடு இரண்டு இடத்தில் மாற வேண்டும். உப்புச்சர்க்கரைப் பொட்டலம், காய்ச்சல்மானி, கொசுக் களிம்பு, மாற்றுத் துணி இரண்டு செட் என்று நான் அடைத்த பையை டிரைவர் தூக்கிப் பார்த்தார். “ஆஸ்பத்திரிக்கா, சுற்றிப் பார்க்கவா தங்கச்சி?” என்று பர்மியத்தில் கேட்டார். விமலா சிரித்த சிரிப்பு தன்லியின் பாலம் தாண்டியும் நிற்கவில்லை.

மீட்டர் கணக்கில் 34 கிலோமீட்டர். 9.15க்கு இறங்கினோம். நுழைவு பெரியவர்களுக்கு ஐயாயிரம், பிள்ளைகளுக்கு இரண்டாயிரம்.

வீடு அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். தேக்குத் தளம், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கதவுகள், ஆற்றைப் பார்த்த வராந்தா. சுற்றிக் காட்டியவர் இருபத்தைந்து வயதுப் பையன், கோ மின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடு இத்தாலியிலிருந்து, பியானோ லண்டனிலிருந்து, கண்ணாடி விளக்கு எங்கிருந்தோ, எல்லாம் கப்பலில் வந்தது என்றார். கப்பலிலிருந்து இறக்கியது யார் என்று சொல்லவில்லை. என் கொள்ளுத்தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் கரண்ட் போனது. மணி 10.10. பதினைந்து பேர் அந்த வெக்கையில் நின்றோம். கோ மின் மேலே தொங்கிய நீளமான துணி விசிறியைக் காட்டினார். “அந்தக் காலத்துல கரண்ட் கவலையே இல்லை. மேல பங்கா, வெளியே இழுக்க ஒரு கலா.” ‘கலா’ என்று இந்தியர்களை இளக்காரமாகக் குறிக்கும் அந்தச் சொல்லைப் பள்ளியில் கேட்டு வளர்ந்தவள் நான். எல்லோரும் சிரித்தார்கள். பழக்கதோஷம், நானும் உதட்டை விரித்து வைத்தேன்.

அங்கே ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். அவர் பார்வை பர்மியப் பிள்ளைகள் நான்கு பேரைத் தாண்டி மீனுவிடம் வந்து நின்றது. “பாப்பா, நீ இழுக்கிறியா? உனக்கு நல்லாப் பொருந்தும்.”

அப்போது நான் என்ன கேட்டேன் தெரியுமா? “கொக்கி பலமா இருக்கா?” என்று கேட்டேன். விசிறியின் பலகை தலையில் விழுமா, கயிறு கையை அறுக்குமா, அதுதான் என் கவலை. “புதுக் கொக்கி, அக்கா” என்றார். நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வரலாறு படித்தவள்.

கயிறு சுவரிலுள்ள துளை வழியாகப் பின் வராந்தாவுக்குப் போகிறது. இழுப்பவரை உள்ளே இருப்பவர்கள் பார்க்கத் தேவையில்லாதபடி கட்டியிருக்கிறார்கள். மீனு குதித்துக்கொண்டு போனாள். துணி ஆடியது. காற்று வந்தது. நான் வீடியோ எடுத்தேன்.

ஐந்து நிமிஷம் பிள்ளை கண்ணில் படாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. எழுந்து போனேன். தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலையில் யாரோ சிவப்பு முண்டாசு கட்டிவிட்டிருந்தார்கள். கழுத்தெல்லாம் வியர்வை. கோ மின் மண்டியிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, உள்ளே காத்து வருதா?”

“வருதும்மா.”

“அப்போ போதும். இப்ப நான் உள்ளே உட்காரணும். அந்த அக்கா இழுக்கட்டும்.”

மீனு கைகாட்டிய மஞ்சள் கவுன் பிள்ளை ஆசையாக ஓடி வந்தது. அதன் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். “நீ வேணாம், அழுக்காயிடும்.”

கோ மின் சமாதானமாகச் சொன்னார்: “படத்துக்கு இந்தப் பாப்பாதான் சரி, அக்கா. நிஜம் மாதிரியே இருக்கா. எங்க பேஸ்புக் பக்கத்துல போடப் போறோம்.”

முண்டாசை அவிழ்த்தேன். “எல்லாப் படத்தையும் அழிங்க. என் கண்ணு முன்னாடி.”

விமலா தமிழில் முணுமுணுத்தாள்: “விடுங்க அண்ணி. நமக்கெதுக்கு வம்பு?”

“சும்மா விளையாட்டு, அக்கா” என்றார் அவர்.

“விளையாட்டுன்னா முறை மாறும். இப்ப யாரோட முறை?”

அவர் போனை என் பக்கம் திருப்பினார். எட்டுப் படம். ஒவ்வொன்றாக அழித்தார். அதற்குள் மீனு உள்ளே போய், மேசையின் தலைப்பக்க நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, மேலே பார்த்துக் காத்திருந்தாள். “காத்து வரலையே” என்று கத்தினாள்.

நான் கோ மின்னைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் முகம் சிவக்கக் கயிற்றைப் பிடித்தார். முதல் இழுப்பில் துணி கோணிக்கொண்டது. நாலாவது இழுப்பில் கையை மாற்றினார். “இவ்வளவு கனமா இருக்கு” என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. ஒரு வருஷமாக அந்த வீட்டைச் சுற்றிக் காட்டுகிறாராம். அன்றுதான் தொட்டுப் பார்த்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பத்து மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள், கரண்ட் போனால் ஜெனரேட்டரை நம்பாதீர்கள். தண்ணீர் கொண்டு போங்கள். ஆற்று நடுவிலுள்ள பகோடாவுக்கு மதியம் ஒதுக்குங்கள், பிள்ளைகளுக்கு மீன்கள் பிடிக்கும். கழிப்பறை பின்பக்கம், வேலைக்காரர்கள் தங்கிய வரிசை அறைகளில். அங்கே யார் தங்கினார்கள் என்று ஒரு பலகைகூடக் கிடையாது. முன்வாசல் வழியாக நுழையும் முன் பின் வராந்தாவுக்குப் போய் அந்தக் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பியானோவைப் பிறகு பார்க்கலாம்.

அவர்கள் போனில் படம் இல்லை. என் போனில் நாற்பது விநாடி வீடியோ இருக்கிறது. துணி ஆடுகிறது, மீனு எங்கும் இல்லை, என் குரல் மட்டும் கேட்கிறது: “அப்பாடா, நல்ல காத்து.”