யாரு மவ நீ?

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் வாத்தியாராக இருந்தேன். எம்.ஏ. கடைசி வருஷம் ஆளுக்கோர் ஆய்வேடு எழுத வேண்டும். தலைப்பு கேட்டால் வருஷா வருஷம் ஒரே பாட்டுத்தான்: 'குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் – ஓர் ஆய்வு.' அந்த 'ஓர் ஆய்வு' கண்ணில் பட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏலே, தனக்கு என்ன அதிகாரம்னு குடியரசுத் தலைவர் ஒன்கிட்ட கேட்டாராலே? புஸ்தகத்தத் தொறந்தா பதில் கெடைக்கும்னா அது கேள்வியே இல்ல. வெயில்ல அலைஞ்சு நாலு பேர்கிட்ட கேட்டாத்தான் தெரியும்னா, அதக் கொண்டா!" என்று கத்துவேன். மறுநாள் அதே பையன் 'ஆளுநரின் அதிகாரங்கள்' என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பான்.

ஒரு வருஷம் நாங்குநேரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். "தெருக்குழாய எந்த இடத்துல போடணும்னு யார் சார் முடிவு பண்ணுதா?" என்றாள். அவள் தெருவுக்கு என்று வந்த குழாய், ஒரு பெரிய மனிதர் வீட்டு வாசலில் போய் நிற்கிறதாம். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கேள்வி என்றால் இதுவல்லவா கேள்வி! ஆனால் அவளுக்கு இது விளையாட்டில்லை. தேறினால் பி.எட்., தவறினால் வள்ளியூர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள், கொஞ்ச நாளில் முகம் வாடிப்போய் வந்தாள்.

"ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்காவ சார். வாயத் தொறந்ததுமே 'எந்த ஊரு? யாரு மவ நீ?'ன்னு கேக்காவ. ஒறவு தட்டுப்பட்டா காப்பி வருது. இல்லேன்னா 'நாளைக்கு வா'ங்காவ. குழாய்க்கு மட்டும் பதில் இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையைக் குத்தினேன். கை வலித்தது. பிறகுதான் புத்தி வேலை செய்தது.

"அழாதம்மா. கேள்விய மாத்து. தகவல் கேட்டுப் போறவங்ககிட்ட மொதல்ல என்ன கேக்காவ? அதுக்கு நீ சொல்லுத பதிலால என்ன மாறுது?"

"காப்பி மாறுது சார்."

"அத எழுது!"

எழுதினாள். தனியாகப் போனாள், தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு போனாள், ஒவ்வோர் ஆபீஸிலும் நடந்ததை அப்படியே எழுதினாள். முடிவுரை இப்படி இருந்தது: 'உறவு இருந்தால் காப்பி உண்டு. இல்லாவிட்டால் அதுவும் இல்லை.'

வாய்மொழித் தேர்வுக்கு மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். பிறந்தது நம்ம சீமையில்தான், ஆனால் மகா கண்டிப்பு. அந்த வருஷம் 'ஆளுநரின் அதிகாரங்கள்' எழுதிய பையனை அழ வைத்து அனுப்பிவிட்டுத்தான் இவளைக் கூப்பிட்டார். காப்பிக் கதைக்கெல்லாம் எம்.ஏ. கிடையாது என்று சொல்லிவிட்டால்?

அவர் ஆய்வேட்டைத் திறக்கவே இல்லை. கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"நாங்குநேரிப் பக்கம் சார்."

"அடடே! எங்க அக்காவ அங்கனதான் குடுத்திருக்கு. யாரு மவ நீ?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பைய எழுந்து, ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

படித்தார். முகம் சிவந்தது. தொலைந்தோம் என்றே நினைத்தேன். மனுஷன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தனக்கு வந்திருந்த காப்பியை அவள் பக்கம் தள்ளினார்.

"குடிம்மா. நீ பாஸு."

அவள் தம்ளரைத் தொடவில்லை.

"காப்பி வேண்டாம் சார். ஆய்வேட்டப் பத்திக் கேள்வி கேளுங்க. பதில் சொல்லிப் பாஸாவுதேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்தி, முதல் பக்கத்துக்குத் திருப்பினார். வெகுநேரம் அவளை வறுத்தெடுத்தார். ஒன்றுக்கும் அவள் அசரவில்லை. வெளியே வரும்போது காப்பி ஏடு கட்டி ஆறியிருந்தது. வள்ளியூர் மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள்.