அக்காவின் கூடார வண்டி

எங்கள் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில், இட்லித் தட்டுகளுக்குப் பக்கத்தில், ஓர் இரும்புக் கைப்பிடி கிடக்கிறது. முழங்கை நீளம், இரண்டு இடத்தில் வளைந்தது. புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதோ பழைய மாவு இயந்திரத்தினுடையது என்று நினைத்துக்கொள்வார்கள். நுனியில் மட்டும் பச்சைப் பெயிண்ட் துணுக்குகள் ஒட்டியிருக்கும். துடைத்து வைத்தாலும் சில வாரங்களில் மறுபடி ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கையில் எடுத்தால் மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த பழைய அடுக்குமாடியின் கார் நிறுத்தம் நினைவுக்கு வந்துவிடுகிறது. கிரீஸும் நனைந்த சிமென்ட்டும் புதுக் கித்தானும் கலந்த வாசனை. அந்த மழைக்காலம் முழுவதும் விழித்துக்கொண்டே ஒரு கனவுக்குள் நடமாடியதாகத்தான் இப்போது தோன்றுகிறது. கனவு அக்காவுடையது. நான் கூடப்போனவள்.

அக்கா கணவர் வீட்டைவிட்டு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் நானும் என் கணவரும். மற்றதில் அம்மா, பீரோ, சுவாமி அலமாரி. அதற்குமேல் அங்கே ஒரு தலையணைக்குக்கூட இடமில்லை. அக்காவுக்கு ஹால். விடியற்காலையில் பால் பாக்கெட் எடுக்க அம்மா அவள் காலைத் தாண்டித்தான் வாசலுக்குப் போவாள். பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள், நாற்பதை நெருங்குகிறவள், அழ வேண்டுமென்றால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட வேண்டியிருந்தது. வாடகைக்கு வீடு தேடிப் போனாள். "ஆத்துக்காரர் எப்போ வருவார்?" என்ற கேள்வியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். வந்து போகிறவர்களிடம் அம்மா, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்திருக்கா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா என்றைக்காவது அங்கே திரும்பிப் போய்விடுவாள் என்று அம்மா நிஜமாகவே நம்பினாள். அக்காவுக்கு வேண்டியிருந்ததோ ஒன்றே ஒன்று. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு.

அதை அவள் தேனாம்பேட்டையில் கண்டுபிடித்தாள். பங்களாவைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன வண்டி, மாமரத்தடியில் சருகு மூடிக் கிடந்தது. இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு தட்டையான பெட்டி, அவ்வளவுதான். பக்கத்தில் கைப்பிடியைப் பொருத்திச் சுற்றினால் நான்கு தூண்களின் மேல் கூரை எழும்பும். கூரையிலிருந்து கித்தான் சுவர்கள் இறங்கும். இரண்டு பக்கமும் படுக்கைப் பலகைகள் இழுப்பறை போல வெளியே வரும். வரும், எழும்பும் என்று சொல்கிறேனே தவிர, அன்றைக்கு ஒன்றும் வரவில்லை, எழும்பவில்லை. தரைப்பலகை உளுத்திருந்தது. கூரையைத் தூக்கும் கம்பிக்கயிறு அறுந்திருந்தது. கித்தானில் பூஞ்சணம். பெட்டிக்குள் ஒரு பூனை குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அதையும் மீறி, பழைய இரும்பு விலைக்கு வாங்கி எங்கள் கார் நிறுத்தத்துக்கு இழுத்து வந்துவிட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் தரையிலிருந்து தொடங்கியிருப்பார்கள். அக்கா முதலில் கதவைத்தான் சரி செய்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றைத் திருகி முடுக்கினாள். பிறகு உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். சுவர் கிடையாது, கழற்றி வைத்த கூரை தரையில் கிடந்தது. நான்கு பக்கமும் திறந்த வெளியில், தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவுக்குப் பின்னால், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம், அவளுக்குக் கேட்காமல் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

மழை கொட்டிய அந்த மாதங்களில் பள்ளி விட்டு வந்ததும் அவள் கார் நிறுத்தத்துக்குத்தான் போவாள். கைப்பேசியில் வெளிநாட்டுக்காரர்களின் காணொளிகளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தோம். அவர்களெல்லாம் புல்வெளியில் நின்று வேலை செய்தார்கள். எங்கள் தலைக்குமேல் நான்கு மாடி நின்றது. உளுத்த பலகையைப் பெயர்த்துவிட்டுத் தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட் போட்டோம். சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்தோம், கம்பிக்கயிறு மாற்றினோம், பேட்டரியில் எரியும் விளக்கும் சின்ன மின்விசிறியும் பொருத்தினோம். புதுக் கித்தானை அம்மாவின் தையல் மிஷினில் அக்காவே தைத்தாள். அம்மா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மாமா மட்டும் தினமும் வந்து பார்ப்பார். "தைக்குள்ள எடுத்துடணும்மா. புதுசா கார் வாங்கறவாளுக்கு அந்த எடத்தைக் குடுத்தாச்சு. இல்லேன்னா பழைய இரும்புக்காரனைத்தான் கூப்பிடணும்" என்பார் மிக மரியாதையாக.

கித்தானுக்கு அளவெடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் கைப்பிடியைச் சுற்ற, கூரை எழும்பி, மேலே கான்கிரீட் உத்தரத்தில் போய் இடித்து நின்றது. "இன்னும் ரெண்டு விரல் இருக்கும், பரவால்லை" என்று அக்கா கண்ணால் கணக்குப் போட்டாள். ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து பழகியவள் சொன்னால் நான் ஏன் சந்தேகப்படப்போகிறேன்? உத்தரம்வரை அளந்தோம். உத்தரம்வரை தைத்தோம்.

அடையாறில் அக்காவின் தோழிக்கு ஒரு காலி மனை இருந்தது. ஒரு வேப்பமரம், ஒரு குழாய், ஒரு கழிப்பறை, சுற்றி மதில், காது கொடுத்தால் கடல். வண்டியை அங்கே வைத்து எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்துகொள்ளச் சொல்லியிருந்தாள். பொங்கல் கழித்து ஒரு மாலையில் வாடகை ஜீப்பில் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். என்ன நினைத்தாளோ, அம்மாவும் தயிர்சாதத் தூக்கோடு ஏறி உட்கார்ந்துகொண்டாள். மனையில் அக்கா கைப்பிடியைச் சுற்றினாள். கூரை உத்தரத்தின் உயரத்தைத் தாண்டியது. தாண்டி, இன்னும் போனது. கித்தானைக் கீழே பிடித்திருந்த கொக்கிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. கூரை முழு உயரத்துக்குப் போய் நின்றபோது, சுவர்கள் பெட்டியைத் தொடாமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

"சுத்தி ஜன்னல் வச்சிகிறீங்களா மேடம்? காத்து நல்லா வருது, சூப்பரா கீது" என்றார் ஜீப் ஓட்டி வந்தவர். அவர் கிண்டல் செய்யவில்லை.

கதவு தனக்குரிய சட்டத்தில், தாழ்ப்பாளோடு, ஜம்மென்று நின்றிருந்தது. அக்கா அதன் படியில் உட்கார்ந்தாள். கார் நிறுத்தத்தில் இனி இடமில்லை. இப்படியே விட்டால் அடுத்த மழையில் தரைப்பலகை மறுபடி உளுத்துவிடும். அவளுக்கு மீண்டும் ஹால்தான். குளியலறைக்குள் ஒளியாமல், குழாயைத் திறந்துவிடாமல் அவள் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மா தூக்கைக் கீழே வைத்தாள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே கையை நீட்டி அளந்தாள். "ஒரு முழம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வண்டியை அங்கேயே மடக்கி வைத்துவிட்டு வீடு திரும்பினோம்.

மறுநாள் காலை கத்தரிக்கோல் சத்தம் கேட்டு ஹாலுக்கு வந்தேன். அக்காவின் அரக்கு நிறக் கூறைப் புடவை, அம்மாவின் பீரோவில் நாப்தலின் உருண்டைகளோடு காத்துக்கொண்டிருந்த கல்யாணப் புடவை, தரையில் நீள வாக்கில் இரண்டு பட்டையாகப் பிரிந்துகொண்டிருந்தது. பாயில் எழுந்து உட்கார்ந்த அக்கா, "அம்மா, அது கூறைம்மா" என்றாள்.

"தெரியறது. நான்தானே வாங்கினேன்." அம்மா தலை நிமிரவில்லை. "ஒன்பது கஜம். ரெண்டாக் கிழிச்சா வண்டியைச் சுத்தி வந்துடும். மழைக்கு மேல பிளாஸ்டிக் ஷீட் வச்சுத் தச்சுக்கலாம். நீ இனிமே இதைக் கட்டிண்டு எங்கே போகப்போறே?"

அந்தக் கேள்வியைத் திட்டுவது போலத்தான் கேட்டாள். ஆனால் அதற்குப் பிறகு யாரிடமும் "ரெண்டு நாள்" என்று அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அம்மாவின் மேல் இருந்த எத்தனையோ கோபம் அந்தக் கத்தரிக்கோலோடு போயிற்று.

அந்த வார இறுதியில் மறுபடி அடையாறு. கூரை எழும்பியது, சுவர்கள் இறங்கின, அரக்குப் பட்டை பெட்டியைச் சுற்றி வந்து கொக்கிகளில் உட்கார்ந்தது. சாயங்கால வெயில் பட்டு வழியாக உள்ளே விழுந்து புதுப் பலகையெல்லாம் மாதுளை நிறமாகிவிட்டது. அக்கா உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அம்மா தூக்கை எடுத்துக்கொண்டு கதவுவரை போய், நின்றாள். கையில் இருந்த கைப்பிடியின் நுனியால் பச்சைக் கதவை மெதுவாகத் தட்டினாள். பெற்ற பெண்ணின் கதவை அவள் தட்டியது அதுதான் முதல்முறை. அம்மா காத்திருந்தாள்.

அக்கா அந்த வண்டியில் கோடை முடியும்வரை இருந்தாள். அங்கிருந்தே பள்ளிக்குப் போனாள். பிறகு மேற்கு மாம்பலத்தில், கேள்வி கேட்காத ஒரு வீட்டுக்காரர் கிடைத்தார். மந்தைவெளிக் கட்டடத்தை இடித்து லிஃப்ட் வைத்துக் கட்டியாகிவிட்டது. எங்களுக்கு இப்போது மூன்று அறைகள். ஒன்று காலியாகவே கிடக்கிறது. வேப்பமரத்தடியில் வண்டி மட்டும் இன்னும் நிற்கிறது. விடுமுறை வந்தால் அக்கா அங்கே போய்விடுவாள். கைப்பிடியை என்னிடம்தான் விட்டுவைத்திருக்கிறாள், கேட்டால், "உன்னாத்துக்கு வர எனக்கும் ஒரு சாக்கு வேணாமா?" என்பாள்.

போன சனிக்கிழமை அவள் வந்தபோது அலமாரியில் கைப்பிடி இல்லை. நான் இட்லித் தட்டுகளையெல்லாம் இறக்கித் தேடிவிட்டு ஹாலுக்கு வந்தால், அம்மா புடவை மாற்றிக்கொண்டு, பையும் தூக்குமாக, கைப்பிடியை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் வரலாமோன்னோ?" என்றாள் அக்காவைப் பார்த்து.

"வா. ஆனா தட்டிட்டுத்தான் வரணும்" என்றாள் அக்கா.

"என்னிக்குத் தட்டாம வந்தேன்?" என்று கேட்டபடி, அம்மா கைப்பிடியின் பச்சை நுனியை முந்தானையால் துடைத்தாள்.