பேய் வராத வியாழக்கிழமை

உடன்பிறந்த தங்கையை, உயிரோடு இருக்கும்போதே, நான் பேய் என்று சொன்னேன். கோபத்தில் சொல்லவில்லை. சிரிப்பு வரவழைக்கச் சொன்னேன். சிரிப்பும் வந்தது.

இதைத்தான் சொல்ல வந்தேன். இனி நீங்கள் எழுந்து போவதானால் போகலாம். நான் குறை சொல்ல மாட்டேன்.

என் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையில் தேரடிப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருந்தவன் நான். குடம் வாங்க வந்த பெண்கள் என் பேச்சில் மயங்கி அண்டாவும் சேர்த்து வாங்கிப் போவார்கள். ‘தனபால் இருந்தா எழவு வீட்லயும் சிரிப்புதான்’ என்பார்கள் ஊரில். அதைப் பாராட்டு என்றே எண்ணியிருந்தேன்... மடையன்!

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தது. கலர் டிவி என் வீட்டில்தான் இருந்தது. வியாழக்கிழமை ஏழரை மணிக்கு ஒரு தொடர் வரும். வாரம் ஒரு கதை, வாரம் ஒரு குடும்பம். ஆனால் எந்தக் கதையானாலும் அதில் கட்டாயம் ஒரு பேய் உண்டு. மேற்குக் கோபுரத்தை எங்கள் ஊரில் பேய்க்கோபுரம் என்பார்கள். அதற்குப் பின்புறம்தான் எங்கள் வீடு. ‘பேய்க்கோபுரத்துக்குப் பின்னால குடியிருந்துக்கினு பேய்க்கதை பாக்கலன்னா சாமி குத்தம்’ என்று நான் சொல்லிச் சொல்லியே தெருவில் பாதிப் பேர் என் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முதல் விளம்பர இடைவேளையில் ஒவ்வொருவரும் ‘யார் பேய்’ என்று சொல்லிவிட வேண்டும். சரியாகச் சொன்னவருக்குக் கதை முடிந்ததும் முதல் தம்ளர் டீ. பார்த்துப் பார்த்து அந்தத் தொடரின் சூட்சுமம் எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. கண்ணாடியில் முகம் தெரியாதவள் பேய். நாய் குரைத்தால் பேய். ஒருத்தி பேசுகிறாள், வீட்டில் ஒருவரும் பதில் சொல்லவில்லை, ஏறிட்டும் பார்க்கவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்... செத்துப் போனது தனக்கே தெரியாமல் சுற்றி வரும் பேய்!

டீ போடுவது என் தங்கை மல்லிகா. அவள் இந்த விளையாட்டில் சேர்ந்ததில்லை. சமையலறை வாசலில் நின்றபடி பார்ப்பாள். இடைவேளை வந்தால் அடுப்பைப் பார்க்கப் போவாள்.

அவள் ஏன் என் வீட்டில் இருந்தாள் என்று கேட்பீர்கள். கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்தோம். எங்கள் தாய் தகப்பன் போன பிறகு நானே முன்நின்று செய்த கல்யாணம். மூன்றாம் வருடம் ஒரு மஞ்சள் பையோடு வந்து நின்றாள். ரவிக்கையை விலக்கி முதுகை என் மனைவி வசந்தாவிடம் காட்டியிருக்கிறாள். வசந்தா வந்து என்னிடம் சொன்னாள். முதுகு முழுக்க அடிபட்ட தழும்பாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாளே கீழ்பென்னாத்தூர் போய், மாப்பிள்ளை வீட்டாரைக் கும்பிட்டு, ‘நானே கொண்டாந்து விடறேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரனுக்கு வாக்குதான் முதல் என்று பெருமை வேறு!

“நான் போவலண்ணா. செத்தாலும் அங்க போவல,” என்றாள் மல்லிகா.

அன்றோடு அவளிடம் பேசுவதை நிறுத்தினேன். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. கோபம் வந்தால் முகம் கொடுக்க மாட்டோம், அவ்வளவுதான். சோறு போடுகிறோமே, அடிக்கவில்லையே! வசந்தாவும் எனக்குப் பயந்து பேச்சைக் குறைத்தாள். ‘துணி காஞ்சிருச்சி, எடுக்கச் சொல்லு உங்க அத்தைய’ என்று, மல்லிகா எதிரே நிற்கும்போதே, பிள்ளைகளிடம் சொல்வேன். அவள் ஏதாவது கேட்டால் சுவரைப் பார்ப்பேன். ஒரு மாதம் இப்படி இருந்தால் தானாக வழிக்கு வருவாள் என்று நினைத்தேன். மாதம் ஆறு ஏழு ஓடிவிட்டது. பிறகு அது கோபம்கூட இல்லை, பழக்கம் ஆகிவிட்டது.

அப்படி இருக்கையில்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

கதையில் ஒரு பெரிய வீடு. அதில் ஒரு பெண் விடியலில் எழுந்து கோலம் போடுகிறாள். பேசுகிறாள், யாரும் பதில் சொல்லவில்லை. கூடத்தில் நடக்கிறாள், யாரும் திரும்பவில்லை. இடைவேளை வந்ததும் நான் கையைத் தட்டினேன். “இதுக்கு யோசனை வேறயா? அவதான் பேய்!” எல்லோரும் அதையே சொன்னார்கள். எதிர்வீட்டுத் தையல்கடை காதர் பாய் எப்போதும் என்னோடு வம்புக்கு நிற்பவர். அவர்கூட அன்று ஒத்துக்கொண்டார்.

“அது பேய் இல்ல.”

வாசலிலிருந்து மல்லிகா. விளையாட்டில் ஒரு நாளும் வாய் திறக்காதவள்! எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எப்பிடிம்மா சொல்ற?” என்றார் பாய்.

“அது வச்ச சோத்ததான பாய் எல்லாரும் துன்றாங்க? பேய் கையால யாராச்சும் துன்னுவாங்களா? உசுரோடதான் இருக்குது.”

நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னதுதான் சரி. கடைசி வரைக்கும் பேய் வரவில்லை. கதவு தானாகத் திறக்கவில்லை, விளக்கு அணையவில்லை. அந்தப் பெண் உயிரோடுதான் இருந்தாள். அந்த வீட்டில் அவளோடு யாரும் பேசுவதில்லை... அவ்வளவுதான் கதை. ஒரு நாள் நல்ல வெயிலில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நடந்து போனாள். முடிந்துவிட்டது.

கூடத்தில் ஒரே ரகளை! “இன்னாப்பா இது, ஏமாத்திட்டானுங்க!” “அழுமூஞ்சி நாடகம் பாக்கவா ஒரு வாரமா காத்துக்கினு இருந்தோம்?” “கேபிள்காரன் வேற எதையோ போட்டுட்டான் போல.” பிள்ளைகள் வேறு, பேய் வரவில்லை என்று சிணுங்கின. பாய் மட்டும், “இல்லப்பா... நல்லாத்தான் இருந்துச்சி,” என்று முனகினார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை.

மல்லிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பல மாதங்களுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். “இத்தினி வாரத்துல இந்த வாரந்தாண்ணா எனக்குப் பயமா இருந்துச்சி,” என்றாள்.

ஐயோ, அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ‘ஏம்மா?’ என்று ஒன்று கேட்டிருந்தால் போதுமே!

யாரோ கத்தினார்கள்: “பேய்த் தொடர்னு பேரு வச்சிட்டு, பேய் எங்கப்பா பேய்?”

நான் கையை நீட்டினேன். “ஏன், அதோ நிக்குது பாரு நம்ம வூட்டுப் பேய்! எவன் பேசினாலும் பேசாட்டியும் டீ மட்டும் கரெக்டா போட்டுக் குடுத்துரும்!”

கூடமே சிரித்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. வசந்தாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாய் எழுந்து செருப்பைத் தேடினார். மல்லிகா உள்ளே போய், டீயைக் கொண்டுவந்து, ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். முதல் தம்ளர் அன்று அவளுக்கல்லவா சேர வேண்டும்? அதை எடுத்து நான் குடித்தேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். வாய்த் துடுக்கு என்று ஒரு காலம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய்! திரையில் இருந்த வீடு எது என்று எனக்கு முதல் இடைவேளையிலேயே தெரிந்துவிட்டது. அந்தக் கூடத்தில் வேறு யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் சிரித்துவிட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள் அல்லவா? அதற்காகத்தான் சொன்னேன். மூளை நன்றாகத்தான் வேலை செய்தது.

முதல் முறைக்காவது அந்தப் பயம் ஒரு காரணம். இரண்டாம் முறைக்கு என்ன சொல்வேன்?

மறுநாள் நானே ஒரு தபால் கார்டு வாங்கி, ‘வழக்கமான கதைகளையே ஒளிபரப்புக; இதுபோன்ற அழுகைக் கதைகள் வேண்டா’ என்று டிவிக்காரர்களுக்கு எழுதினேன். தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். பாய் தையல் மிஷினை நிறுத்தாமலே தலையை ஆட்டி மறுத்துவிட்டார். வீட்டில் வசந்தா கையெழுத்துப் போட்டாள், பிள்ளைகள் போட்டன. என் சின்னப் பெண் கார்டைக் கொண்டுபோய் மல்லிகாவிடமும் நீட்டினாள்.

“எனக்குப் புடிச்சிருந்துது கண்ணு. நான் போடல,” என்றாள் அவள்.

“பேய் கையெழுத்து செல்லாதும்மா, எடுத்துட்டு வா!” என்றேன் நான், கூடத்திலிருந்து.

பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? அன்று முதல் ‘பேய் அத்தை’. தெருப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டன. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் ‘பேய் வந்துருச்சி, வழி வுடு’ என்று கூவும். நான் கண்டிக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை, ‘நேயர்களின் விருப்பத்திற்கிணங்க’ என்று ஒரு குரல் சொல்ல, வெள்ளைச் சேலையும் சலங்கையுமாகப் பேய் திரும்பி வந்தது. கூடத்தில் எல்லோரும் கைதட்டினோம். எங்கள் கார்டு வேலை செய்துவிட்டதாம்! நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். சமையலறை வாசலில் அன்று யாரும் நிற்கவில்லை. அவள் பின்கட்டில் பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது.

சில நாள் கழித்து, பகல் வேளையில், மல்லிகா கடைக்கு வந்தாள். கடைக்கு அவள் வந்ததே இல்லை. கையில் அதே மஞ்சள் பை.

“நான் போறண்ணா,” என்றாள்.

கடையில் ஒரு கிராமத்து அம்மா பித்தளைத் தவலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தவலையைத் தராசில் வைத்தேன். முள்ளையே பார்த்தேன். மல்லிகா நின்றாள். அந்த அம்மா, “ஏம்பா, அந்தப் பொண்ணு ஏதோ கேக்குது பாரு,” என்றுகூடச் சொன்னாள். நான் எடையைச் சொன்னேன். தவலையைக் காகிதத்தில் சுற்றினேன். தலை நிமிர்ந்தபோது அவள் இல்லை.

கீழ்பென்னாத்தூருக்குத்தான் போகிறாள், ஒரு வழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்து... கேளுங்கள்... சந்தோஷப்பட்டேன்!

அவள் போனது வேலூருக்கு. பாயின் உறவுக்காரர் ஒருவர் மூலமாக, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் வேலை. பாய் இதை என்னிடம் சொன்னபோது ஒரு வருடம் ஆகியிருந்தது. “ஒன் தங்கச்சி நல்லா இருக்குதுப்பா. நீ கேக்கல, ஆனா சொல்லணும்னு தோணிச்சி,” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது வேடிக்கை பேசித் தப்பித்திருப்பேன்.

போய்ப் பார்த்தேனா? பார்க்கவில்லை. இன்று நாளை என்று வருடங்கள் போயின. கடையில் கூட்டம், தீபத்துக்குக் கூட்டம், பௌர்ணமிக்குக் கூட்டம்... காரணத்துக்கா பஞ்சம்? உண்மையைச் சொன்னால், முதல் வார்த்தையாக என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஊரையே பேச்சில் கட்டிப்போட்டவனுக்கு!

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, என் சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிவாயிற்று. ‘அத்தைக்கு நீயே நேர்ல போய் வைக்கணும்பா’ என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். பத்திரிகையும் தட்டும் பழமும் புடவையும் எடுத்துக்கொண்டு வேலூர் போனேன். பஸ்ஸில் வழி நெடுக வாக்கியம் கோத்துக்கொண்டு போனேன். ‘மல்லிகா, நான் செஞ்சது தப்பும்மா’ என்று ஆரம்பிக்க வேண்டும். காலில் விழுந்தாலும் பரவாயில்லை என்றிருந்தேன்.

விடுதியில் அவள் இப்போது சமையலுக்குப் பொறுப்பாளர். தலை பாதி நரைத்திருந்தது. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். வேலைக்காரப் பெண்கள் ‘அக்கா அக்கா’ என்று ஓடி வந்து கேட்டுக் கேட்டுப் போனார்கள். ஒவ்வொருத்திக்கும் பேர் சொல்லிப் பதில் சொன்னாள்.

என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வாங்க. உக்காருங்க,” என்றாள்.

அண்ணா என்ற சொல் வரவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். கோபம் இருந்ததா என்று கேட்பீர்கள்... இல்லையே! சத்தியமாக இல்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு மனிதரிடம் காட்டும் மரியாதைதான் இருந்தது.

பையில் கையை விட்டேன். அதற்குள் காய்கறிக் கூடையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். சிரித்த முகம். “யாருக்கா இவரு?” என்றாள்.

மல்லிகா யோசிக்கவே இல்லை. “எங்க ஊர்க்காரரு. திருவண்ணாமலை,” என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். “அப்பிடிங்களா சார்! நான் தீபம் பாத்ததே இல்ல சார். அக்காவ எத்தினியோ தடவ கூப்ட்டேன், வர மாட்டேங்குது. அக்காவுக்கு அங்க யாரும் இல்லியாமே?”

நான் அண்ணன், கூடப் பிறந்தவன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். மல்லிகா வெங்காயத்தைத் தரம் பிரிக்கத் தொடங்கியிருந்தாள். என் பதிலுக்காக அவள் காத்திருக்கவும் இல்லை, காதை மூடிக்கொள்ளவும் இல்லை. இவ்வளவு வருடம் கழித்து, அவள் எதிரில், அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

“ஆமாம்மா,” என்றேன். “ஒரே ஊருதான்.”

பத்திரிகையை எடுக்காமலே எழுந்தேன். ‘அத்தைக்கு லீவு கிடைக்காதாம்’ என்று வீட்டில் சொன்னேன். என் மகள் நம்பினாள். இன்றும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.